வீட்டுத் தோட்டக் காய்கறி: காய்க்கும் பட்டமும் காய்க்காத பட்டமும்

தமிழ்நாட்டில் வீட்டுத் தோட்டம் என்று சொல்லும்போது இன்று மூன்று வெவ்வேறு இடங்கள் நினைவுக்கு வருகின்றன. ஊர்ப்புறத்து வீடுகளின் பின்னால் இருக்கும் கொல்லை முதலாவது. கிணற்றடியிலும் துவைகல்லிலும் வழியும் தண்ணீர் அங்கே வாழைக்கும் சேம்புக்கும் பாய்ந்தது. வேலியில் அவரையும் கூரையில் சுரையும் பூசணியும் படர்ந்தன. முருங்கையும் கறிவேப்பிலையும் யாரும் வளர்க்காமலே வளர்ந்தன. புறநகர் மனைகளில் வீட்டைக் கட்டிய பின் சுற்றுச்சுவர் ஓரமாக மிஞ்சும் மண் இரண்டாவது. மூன்றாவது, கடந்த சில பத்தாண்டுகளில் பரவிய மாடித்தோட்டம். மூன்றிலும் விளைவது அதே கத்தரியும் வெண்டையும்தான் என்றாலும் அவற்றுக்கு வரும் கேடுகள் வேறு. ஆகவே ஓரிடத்துக்குச் சொன்ன யோசனை இன்னோரிடத்தில் பலிப்பதில்லை.

அரசும் இந்த மாற்றத்தை ஒட்டித் திட்டங்களை வகுத்திருக்கிறது. 2013–14இல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளைகள் மானிய விலையில் வழங்கப்பட்டன. 2021 இறுதியில் முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம் தொடங்கியது. வளர்ப்புப் பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், விதைகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி, வேப்பெண்ணெய் ஆகியவை அடங்கிய தளை அதில் 225 ரூபாய்க்குத் தரப்பட்டது. ஊர்ப்புற வீடுகளுக்கு விதைப் பொட்டலங்கள் தனியே கிடைத்தன. தோட்டம் தொடங்கத் தேவையானவை இன்று எளிதாகக் கைக்கு வந்துவிடுகின்றன. ஆனால் முதல் ஆண்டில் நிறைந்திருந்த பைகள் மூன்றாம் ஆண்டில் காய்ந்த மண்ணோடு மூலையில் அடுக்கப்பட்டிருக்கும் மாடிகள் எந்தத் தெருவிலும் உண்டு. இந்த ஏற்ற இறக்கத்துக்கு உழைப்புக் குறைவே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதைவிடப் பெரிய காரணம் காலம் தவறி விதைப்பது.

பட்டம்

விதைக்கும் பருவத்தை உழவர்கள் பட்டம் என்பார்கள். ஆடிப் பட்டம், கார்த்திகைப் பட்டம், தைப் பட்டம், சித்திரைப் பட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் உரிய பயிர்கள் உண்டு. வீட்டுத் தோட்டக்காரர் பெரும்பாலும் விடுமுறை கிடைத்த நாளில், விதை கையில் வந்த நாளில் விதைக்கிறார். பள்ளி விடுமுறையான மே மாதத்தில் தொடங்கப்படும் தோட்டங்கள் ஏராளம். தமிழகச் சமவெளியில் காய்கறி தொடங்க அதைவிட மோசமான மாதம் இல்லை.

தக்காளியை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். தக்காளிச் செடி வெயிலில் வளரும், பூக்கும். ஆனால் இரவு வெப்பம் 24 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது பிஞ்சு பிடிப்பது வெகுவாகக் குறைகிறது. பகல் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தமே வலுவிழக்கிறது. சென்னையில் மே மாத இரவுகள் 27, 28 டிகிரியில் நிற்கின்றன. பூ கருகி உதிர்வதைக் கண்டு உரத்தைக் கூட்டுபவர்கள் செடியை இன்னும் தழைக்க வைக்கிறார்களே தவிரக் காய் பெறுவதில்லை. அதே தக்காளியைப் புரட்டாசி கடைசியில் நாற்றுவிட்டு, மழையில் அழுகாமல் காத்து, ஐப்பசிக் கடைசியில் பையில் மாற்றி நட்டால் தையிலும் மாசியிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது.

அவரையின் கதை வேறு. பழைய பந்தல் அவரை பகல் பொழுது குறுகும்போது மட்டுமே பூக்கும். ஆடியில் விதைத்தால் கொடி படர்ந்து, கார்த்திகைக்குப் பின் பூவெடுத்து, பொங்கல் குழம்புக்குக் காய் தரும். தையில் விதைத்தால் பந்தலை மூடும் அளவுக்கு இலை வரும், பல மாதங்களுக்குப் பூவே வராது. கொடியில் குறை இல்லை, விதையிலும் இல்லை. பகல் நீளத்துக்குக் கட்டுப்படாத குத்து அவரை ரகங்களைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது; இடம் குறைந்தவர்களுக்கும் காலம் தவறியவர்களுக்கும் அவை பொருந்தும். ருசியில் பந்தல் அவரைக்கு அவை நிகரில்லை என்பது பலரின் எண்ணம். அது தவறும் இல்லை.

வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை ஆகியவை வெயிலைத் தாங்கும். கோடையில் அவற்றோடு நிறுத்திக்கொள்வதே அறிவு. மிளகாயும் கத்தரியும் ஆடியில் நாற்றுவிட்டால் அடைமழைக்குள் வேரூன்றிவிடும். கத்தரிக்கு இன்னொரு நன்மை, காய்த்து ஓய்ந்த செடியை அரையடி விட்டு வெட்டி எரு வைத்தால் மறுபடி துளிர்த்து இரண்டாம் முறை காய்க்கும். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் முதலியவற்றைச் சமவெளியில் முயல்பவர்கள் கார்த்திகை முதல் தை வரையிலான குளிர்ந்த வாரங்களை விட்டால் மலைப்பகுதிக்குத்தான் போக வேண்டும்.

கொடிக் காய்களில் காலத்தோடு பொழுதும் சேர்கிறது. பூசணி, பாகல், வெள்ளரி ஆகியவற்றின் பூக்கள் விடியலில் மலர்கின்றன. சுரையும் பீர்க்கும் புடலையும் மாலையில் மலர்கின்றன. முதலில் வருபவை ஆண் பூக்கள். அவை உதிர்வது இயல்பு, நோயில்லை. பெண் பூவுக்கு அடியில் பிஞ்சு வடிவம் தெரியும். தேனீயும் அந்துப்பூச்சியும் எட்டாத மூன்றாம் நான்காம் மாடிகளில் அந்தப் பிஞ்சுகள் மஞ்சளாகி விழுந்துவிடுகின்றன. ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் சூல்முடியில் தடவினால் போதும். ஆனால் பூசணிக்குக் காலை எட்டு மணிக்குள், சுரைக்கு அந்தி சாய்ந்த பின் அதைச் செய்ய வேண்டும். அலுவலகம் போய்வருபவர்களுக்குச் சுரை வசதியான கொடி. மாடியில் துளசியும் செண்டுமல்லியும் இரண்டு மூன்று தொட்டிகளில் இருந்தால் பூச்சிகள் தாமாக வரத் தொடங்கும்.

மண்ணும் மாடியின் பாரமும்

புதிதாகக் கட்டிய வீட்டைச் சுற்றியுள்ள மண் பெரும்பாலும் மண்ணாக இருப்பதில்லை. அடித்தளம் தோண்டியபோது மேலே வந்த அடிமண், உடைந்த செங்கல், கொட்டிய சிமெண்ட், சுண்ணாம்பு எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரத்தன்மை ஆக்குகின்றன; அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடிக்குக் கிடைப்பதில்லை. இளம் இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரிந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். ஓரடி ஆழத்துக்குத் தோண்டி, இடிபாட்டை அகற்றி, செம்மண்ணும் நன்கு மட்கிய தொழுவுரமும் நிரப்பினால் ஓர் ஆண்டில் நிலை மாறும். பசுந்தாளுக்குச் சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி மண்ணில் புதைப்பது அதைவிட மலிவான வழி. இதற்கு ஒன்றரை மாதம் பொறுக்க வேண்டும் என்பதால்தான் மிகக் குறைவானவர்கள் இதைச் செய்கிறார்கள்.

மாடிக்கு மண் கூடாது என்பதில்லை, பாரம் கூடாது. இந்தியத் தர நிர்ணய விதி ஐ.எஸ். 875இன்படி ஆட்கள் ஏறிப் புழங்கும் சமதளக் கூரை, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ கூடுதல் சுமையைத் தாங்குமாறு வடிவமைக்கப்படுகிறது. நனைந்த தோட்டமண் அரையடி உயரத்துக்குப் பரப்பினாலே சதுர மீட்டருக்கு 250 கிலோவைத் தாண்டிவிடும். மாடியின் நடுவில் செங்கல் கட்டி மண் கொட்டிப் பாத்தி அமைப்பது அதனால் ஆபத்தானது. மழைக்காலத்தில் அந்தப் பாரம் உச்சத்தில் இருக்கும். சுவர்களுக்கும் உத்தரங்களுக்கும் நேர்மேலே கனமான தொட்டிகளை வரிசையாக வைப்பதும், நடுப்பகுதியைக் கீரைப் பைகளுக்கும் நடைபாதைக்கும் விடுவதும் பொறியாளர்கள் சொல்லும் ஒழுங்கு. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் பொறியாளரைக் கேட்காமல் எதையும் ஏற்றக் கூடாது. பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல் அல்லது கம்பிச் சட்டத்தின் மேல் வைத்தால் தட்டோட்டின் இணைப்புகளில் நீர் தேங்காது, வேர் நுழையாது.

எடையைக் குறைக்கத் தென்னை நார்க்கழிவு வந்தது. பொள்ளாச்சிப் பக்கத்துக் கயிற்றுத் தொழிலில் மலைபோல் குவிந்து கிடந்த இந்தக் கழிவு தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். ஆனால் அதில் ஊட்டம் மிகக் குறைவு, உப்பு இருக்கும், மட்காத நிலையில் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் தனக்கு இழுத்துக்கொள்ளும். கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து, செம்மண், மட்கு எரு ஆகியவற்றோடு சம அளவில் கலந்து, பத்து நாள் ஆறவிட்டு நடுவது நல்ல வழக்கம். வெறும் நார்க்கழிவில் நட்ட நாற்று வெளிறிக் குன்றிப் போகும்போது புதியவர்கள் தங்களுக்குக் கைராசி இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். குறை கையில் இல்லை, கலவையில்.

சமையலறைக் கழிவிலிருந்து மட்கு செய்வது எருச் செலவைக் குறைக்கிறது. நாற்றம் அடிக்கிறது என்று பாதியில் விடுவதற்குக் காரணம் ஈரக்கழிவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ காய்ந்த சருகு சேர்க்காததுதான். கழிவில் நெளியும் பழுப்பு நிறக் கொழுத்த புழுக்கள் ஒருவகை ஈயின் புழுக்கள். அவை கழிவை விரைவாகத் தின்று தீர்ப்பவை, செடிக்குத் தீங்கு செய்யாதவை. பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் இயற்கை வேளாண் இயக்கத்தால் வீடுவரை வந்து சேர்ந்தன. அவ்வியக்கத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்ற கோ. நம்மாழ்வார் 2013 டிசம்பரில் மறையும்வரை வீட்டுத் தோட்டத்தை வலியுறுத்தி வந்தார். பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிப்பது வழக்கம். அது ஊக்கி மட்டுமே, எருவுக்கு மாற்று ஆகாது. பையில் மட்கு இல்லாமல் கரைசலை மட்டும் தெளித்துக்கொண்டிருப்பவர்களின் தோட்டங்கள் இரண்டாம் பயிரிலேயே தளர்ந்துவிடுகின்றன.

நீர்

தமிழகக் கோடையில் பசுமையான செடிப்பரப்பு நாளொன்றுக்கு 5 முதல் 7 மில்லிமீட்டர் நீரை ஆவியாக விடுகிறது. ஒரு மில்லிமீட்டர் என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். நூறு சதுர அடித் தோட்டம், அதாவது ஏறத்தாழ 9.3 சதுர மீட்டர், தினமும் ஐம்பது அறுபது லிட்டர் கேட்கிறது. பையில் வளரும் செடிக்கு மண்ணின் ஆழம் இல்லாததால் ஒரு நாள் தவறினாலும் வாடும். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவது பூஞ்சையால் என்று எண்ணி மருந்து தெளிக்கிறார்கள். பெரும்பாலும் அது ஒரு நாள் வெள்ளமும் மறுநாள் வறட்சியுமாக நீர் விட்டதால் சுண்ணாம்புச்சத்து காய்க்குச் சேராமல் போனதன் விளைவு.

2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றின. தண்ணீர் லாரிக்குக் குடங்களோடு வரிசையில் நின்ற நகரத்தில் செடிக்கு நீர் விடுவது பற்றிப் பேச இடமில்லை. பல மாடித்தோட்டங்கள் அந்தக் கோடையோடு முடிந்தன. காய்கறி கழுவிய நீர், அரிசி களைந்த நீர், குளிர்சாதனத்திலிருந்து சொட்டும் நீர் ஆகியவற்றை வைத்துக் கறிவேப்பிலை, கற்பூரவள்ளி, ஒன்றிரண்டு மிளகாய் என்று சிறு அளவில் காத்தவர்களின் தோட்டம் பிழைத்தது. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் நீரை மட்டும் எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும். அதில் உப்பு செறிந்திருக்கும், பையில் தொடர்ந்து விட்டால் இலை விளிம்பு கருகும். கடலோரப் பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீருக்கும் இதே குறை உண்டு. மழை பெய்யும் மாதங்களில் பைகள் நன்றாக அலசப்படுவது இந்த உப்பைக் கழுவும் இயற்கை வழி.

மழையே கேடாகும் பருவமும் உண்டு. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. தரைத் தோட்டத்தில் இரண்டு நாள் நீர் தேங்கினால் மிளகாயும் தக்காளியும் வேரழுகிச் சாய்கின்றன. பாத்தியைத் தரையிலிருந்து அரையடி உயர்த்தி வடிகால் விட்டவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மாடிகளின் நிழல்வலைப் பந்தல்கள் கம்பியோடு பெயர்ந்து விழுந்தன. நிழல்வலையை நவம்பர் முதல் சுருட்டி வைப்பதும், கொடிப்பந்தலைச் சுற்றுச்சுவரின் உயரத்தை மீறாமல் அமைப்பதும் கடலோர மாவட்டங்களில் கட்டாயமாகக் கொள்ள வேண்டிய ஒழுங்குகள். தொட்டித் தட்டுகளில் தேங்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்கு இடம் கொடுக்கும். டெங்கு பரவும் மாதங்களும் இவையே என்பதால் தட்டுகளை எடுத்துவிடுவது நல்லது.

பூச்சியும் நோயும்

வீட்டுத் தோட்டத்தைக் கைவிடச் செய்வதில் பூச்சிக்கு முதலிடம். இதில் பூச்சியின் பெயரைவிட அது எப்போது, எந்த வழியில் வருகிறது என்பதை அறிவதே பயன் தரும்.

கத்தரியில் தண்டு, காய்த்துளைப்பான் எல்லாருக்கும் தெரிந்த எதிரி. நட்ட ஒரு மாதத்தில் கொழுந்து நுனி திடீரென்று தலை தொங்கும். அந்த நுனிக்குள் புழு இருக்கும். தொங்கிய நுனியை ஒரு விரல் கீழே கிள்ளி நசுக்கிவிட்டால் காய்க்கும் காலத்தில் சொத்தைக் காய் வெகுவாகக் குறைகிறது. நூறு ஏக்கரில் செய்ய முடியாத இந்தக் காரியம் ஆறு செடி வைத்திருப்பவருக்கு ஐந்து நிமிட வேலை. பூச்சிக்கொல்லியே இல்லாமல் வீட்டில் கத்தரி விளைவிக்க முடிவதன் ரகசியம் இந்தக் கைவேலைதான்.

மிளகாய் இலை சுருள்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இலை மேல்நோக்கிப் படகுபோல் குவிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் முரணைச் சிலந்தி. முன்னதற்கு வேப்பெண்ணெய்க் கரைசல், பின்னதற்கு நனையும் கந்தகம் என்று மருந்து வேறுபடுகிறது. வெண்டையில் நரம்புகள் மஞ்சளாக வலைப்பின்னும் தேமல் நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. ஒரு முறை வந்த செடிக்கு மருத்துவம் கிடையாது. பிடுங்கிப் போடுவதே மற்றச் செடிகளைக் காக்கும். பெங்களூருவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர்க்கா அனாமிகா இந்நோயைத் தாங்கும் ரகமாக வந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த எதிர்ப்பு தளர்ந்துவிட்டது. பாகல், பீர்க்குப் பிஞ்சுகளைப் பழ ஈ குத்திக் கோணலாக்கும். பிஞ்சு விரல் நீளம் வந்ததும் துணிப்பையோ காகித உறையோ மாட்டிவிட்டால் ஈ தொடாது. முருங்கையில் மழைக்குப் பின் வரும் கம்பளிப்பூச்சிகள் பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும். அப்போதே அழித்துவிட வேண்டும்.

மாவுப்பூச்சியின் வரலாறு வீட்டுத் தோட்டத்தாருக்குப் பெரிய பாடம். 2008இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி என்னும் அயல்நாட்டு இனம் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி, கத்தரி என்று அகப்பட்ட செடியையெல்லாம் வெண்பஞ்சால் போர்த்தியது. தெளித்த மருந்துகள் அதன் மெழுகுப் போர்வையில் வழிந்தோடின. தாயகமான நடு அமெரிக்கப் பகுதியில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்த மூன்று ஒட்டுண்ணிக் குளவிகள் 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்டன. அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்னும், கண்ணுக்குத் தெரிவதே அரிதான மஞ்சள் குளவி, கோவை வேளாண் பல்கலைக்கழகம் பெருக்கி விட்ட இடங்களிலெல்லாம் நிலைத்தது. ஓரிரு ஆண்டுகளில் பூச்சி அடங்கியது. மருந்து தெளித்துக்கொண்டே இருந்த தோட்டங்களில் குளவியும் சேர்ந்து செத்ததால் மாவுப்பூச்சி தங்கிவிட்டது.

இன்றும் மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் முதல் வேலை எறும்பைத் தடுப்பது. இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் அவற்றைச் செடிக்குச் செடி கடத்துகின்றன. பொறிவண்டு வந்தால் விரட்டுகின்றன. பைகள் நிற்கும் சட்டத்தின் கால்களை எண்ணெய் கலந்த நீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பிறகு நீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுவதும், வேப்பெண்ணெய் 5 மில்லியைச் சோப்புக் கரைசலோடு ஒரு லிட்டர் நீரில் கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் படத் தெளிப்பதும் போதும். நண்பகல் வெயிலில் தெளித்து இலையைக் கருக்கிக்கொள்பவர்கள் உண்டு.

பெரிய உயிர்களின் தொல்லைக்குக் கரைசல் எதுவும் உதவாது. அணில் பழுக்கும் தக்காளியைக் கடித்துப்போடும். நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து வீட்டுக்குள் பழுக்க வைப்பது ஒன்றே வழி, ருசியில் குறை வராது. மேற்கு மாவட்டங்களில் மயிலும், மலையடிவார ஊர்களில் குரங்கும் தோட்டம் போடுவதையே நிறுத்த வைத்திருக்கின்றன. மழைக்காலத்தில் பெரிய ஆப்பிரிக்க நத்தைகளை இரவில் டார்ச் விளக்கோடு பொறுக்கி உப்பு நீரில் போடுகிறார்கள்.

விளைச்சலும் பணமும்

உலக நலவாழ்வு அமைப்பு ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய், கீரை, பழம் என்று சொல்கிறது. நான்கு பேர் குடும்பத்துக்கு இது ஆண்டுக்கு 580 கிலோவுக்கு மேல். வயலில் நன்றாகப் பராமரித்த வெண்டை மூன்று மாதத்தில் சதுர மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ தருகிறது. இதே அளவு வீட்டிலும் கிடைத்தால், நூறு சதுர அடியில் ஆண்டுக்கு மூன்று பயிர் எடுத்தாலும் நாற்பத்திரண்டு கிலோவுக்குள் நிற்கும். குடும்பத்தின் காய்கறித் தேவையை ஒரு சிறு மாடி நிறைவேற்றாது என்பதை இந்தக் கணக்கு திட்டவட்டமாகச் சொல்கிறது. ஐந்து பேர் குடும்பத்துக்கு ஆண்டு முழுதும் காய் வேண்டுமானால் ஏறத்தாழ 5 சென்ட், அதாவது 200 சதுர மீட்டர், வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் மாதிரித் திட்டம். அந்த அளவு நிலம் இன்றைய நகர மனைகளில் பலருக்கு வீட்டோடு சேர்த்தே இல்லை.

கீரைக்கு இந்தக் கணக்கு மாறுகிறது. முளைக்கீரையும் சிறுகீரையும் விதைத்த 25 நாளில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ வரை தரும். நான்கு சதுர மீட்டரை நான்காகப் பிரித்து வாரம் ஒன்றாக விதைத்தால் வாரத்துக்கு ஒரு கிலோ கீரை தடையின்றி வரும். சாக்கடை நீர் பாயும் புறநகர்க் கீரையைப் பற்றிய அச்சம் நகரங்களில் இருக்கும்போது, வாங்கிய மறுநாளே வாடிவிடும் பொருளை வீட்டிலேயே பறித்துக்கொள்வது பெரிய ஆதாயம். அரைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் மணத்தக்காளியும் வெட்ட வெட்டத் துளிர்ப்பவை. கறிவேப்பிலை, புதினா, பச்சை மிளகாய் மூன்றும் இதே வரிசையில் சேரும். இடம் குறைந்தவர்கள் தக்காளிக்குச் செலவிடும் கவனத்தைக் கீரைக்குத் திருப்பினால் தோட்டம் கைவிடப்படும் வாய்ப்புக் குறையும்.

பணக் கணக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது சென்னை நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. அத்தகைய மாதங்களில் எல்லாரும் வீட்டில் தக்காளி போட நினைக்கிறார்கள். ஆனால் விலை ஏறும் கோடைக் கடைசியில்தான் சமவெளி வீடுகளிலும் தக்காளி பிஞ்சு பிடிக்காது. மதனப்பள்ளி, கோலார் போன்ற மேட்டுநிலங்களே அப்போது சந்தைக்குக் காய் அனுப்புகின்றன. வீட்டுச் செடி கொழித்துக் காய்க்கும் தை, மாசியில் ஒட்டன்சத்திரத்திலும் பாலக்கோட்டிலும் வரத்துக் குவிந்து விலை சரிந்திருக்கும். பை, கலவை, வலை, சட்டம் எல்லாவற்றின் விலையையும் சேர்த்தால் வீட்டுத் தக்காளி மலிவானது என்று சொல்ல முடியாது. அதை வளர்ப்பதற்கு ருசியும், என்ன தெளிக்கப்பட்டது என்று தெரிந்து உண்ணும் நிம்மதியும் போதுமான காரணங்கள். சிக்கனம் என்ற காரணத்தை முருங்கைக்கும் கீரைக்கும் விட்டுவிடலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம். 1 முருங்கை விதைத்த ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்குகிறது. செலவு என்று பார்த்தால் ஒரு கையளவு விதைதான்.

நெருக்கடிக் காலத்தில் வீட்டுத் தோட்டம் எதுவரை கைகொடுக்கும் என்பதற்கு இலங்கை அண்மைச் சான்று. 2021இல் வேதியுரத் தடையும், அடுத்த ஆண்டு அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் சேர்ந்து உணவு விலையை உயர்த்தியபோது, 2022 ஜூனில் அரசு ஊழியர்கள் வீட்டில் பயிரிட வெள்ளிக்கிழமைகளில் விடுப்பு அளிக்கப்பட்டது. மரக்கறியும் கீரையும் வளவுகளிலிருந்து கிடைத்தன. அரிசியையும் பருப்பையும் வீட்டுத் தோட்டம் தர இயலாது. அந்தப் பற்றாக்குறை இறக்குமதியாலேயே தீர வேண்டியிருந்தது.

விதையும் ஆளும்

கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதையிலிருந்து எடுத்த விதை அடுத்த முறை தாய்ச்செடியைப் போல் இருப்பதில்லை. நாட்டு ரகங்களிலும் பல்கலைக்கழகங்களின் தேர்வு ரகங்களிலும் விதை எடுத்து வைக்கலாம். தக்காளி, அவரை, கொத்தவரை ஆகியவை பெரும்பாலும் தம்முள்ளேயே கருவுறுவதால் குணம் மாறாது. பூசணி, சுரை, வெள்ளரி முதலியவற்றில் பக்கத்து வீட்டு வேறு ரகத்தின் மகரந்தம் பூச்சியால் வந்து சேரும். பெண் பூவை மலர்வதற்கு முந்தைய வேளையில் நூலால் கட்டி, மறுவேளை கையால் மகரந்தம் தடவி, மறுபடி கட்டி வைத்தால்தான் தூய விதை கிடைக்கும். கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி உலர்த்துவதும், சுரை விதையைக் குடுவையோடே அடுப்பு மேலே தொங்கவிடுவதும் பழைய முறைகள். வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரி 2023இல் புவிசார் குறியீடு பெறும்வரை நிலைத்திருந்தது இப்படித் தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து வைத்தவர்களால். வீட்டுத் தோட்டங்கள் சந்தைக்கு ஒத்துவராத ரகங்களைக் காக்கும் இடங்கள். தோல் தடித்த, நிறம் மங்கிய, ஆனால் குழம்பில் கரையாத ஒரு கத்தரிக்கு வணிக விளைநிலத்தில் இடமில்லை, கொல்லையில் உண்டு.

தோட்டத்தின் ஆயுளை வேலைப் பங்கீடும் தீர்மானிக்கிறது. ஆர்வத்தில் ஒருவர் தொடங்க, தினசரி நீர் விடும் வேலை பல வீடுகளில் ஏற்கெனவே சமையலும் துணியும் பார்க்கும் பெண்ணின் மேல் விழுகிறது. அவருக்கு விருப்பம் இருந்தால் தோட்டம் தழைக்கும், இல்லையென்றால் அது இன்னொரு சுமை. இரண்டு வாரம் வெளியூர் போகும் குடும்பம் அதற்கு முன்பே ஏற்பாடு செய்யாவிட்டால் கோடையில் எதுவும் மிஞ்சாது. எளிய சொட்டுநீர்க் குழாயும் நேரங்காட்டிக் கருவியும் இந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கத் தகுந்தவை. இருபது பையில் தொடங்குபவரைவிட ஆறு பையில் தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு சேர்ப்பவர் நீடித்து நிற்கிறார்.

பயிர் முடிந்த பையை என்ன செய்வது என்பதும் இதில் அடங்கும். ஒரே பையில் தக்காளிக்குப் பின் கத்தரி, பிறகு மிளகாய் என்று ஒரே குடும்பத்துச் செடிகளை மாற்றி மாற்றி நட்டால் வேரழுகலும் வேர்முடிச்சு நூற்புழுவும் மண்ணில் தங்கிவிடுகின்றன. கத்தரி இருந்த பைக்குக் கொத்தவரையோ அவரையோ, அதன் பின் கீரையோ வர வேண்டும். நடுவில் ஒரு முறை செண்டுமல்லி நட்டால் நூற்புழு குறையும். பங்குனிக்குப் பின் கடும் வெயிலில் காலியாகும் பைகளின் மண்ணை ஒரு பாலித்தீன் விரிப்பில் கொட்டி, வேரைப் பொறுக்கி, ஈரமாக்கி, மேலே இன்னொரு தெளிந்த பாலித்தீனால் மூடி ஓரங்களை அழுத்தி நான்கு முதல் ஆறு வாரம் விட்டால் வெயிலே பூஞ்சைகளையும் நூற்புழுவையும் களை விதைகளையும் பெருமளவு கொன்றுவிடும். அதன் பின் மூன்றில் ஒரு பங்கு புது மட்கும், பைக்கு ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கும், சிறிது டிரைக்கோடெர்மாவும் கலந்து நிழலில் பத்து நாள் ஈரம் காக்க வைத்தால் ஆனிக் கடைசியில் மண் மறுபடி நடவுக்குத் தயாராகிவிடும்.